இல்லறத்துக்கு அபராதமா?

ஊதியம் உயர்ந்தால் உள்ளம் குளிரவேண்டும். வீட்டிலே அன்றைக்குக் கறிச்சோறு மணக்கவேண்டும். ஆனால் கோவைத் தொழிலாளியின் வீட்டிலே ஊதிய உயர்வுச் சேதி வரும்போதே கவலையும் கூடவே வந்து திண்ணையிலே உட்கார்ந்துகொள்கிறதே, ஏன்?

சொல்கிறோம், தோழர்களே!

கணபதியிலே ஒரு பவுண்டரி. உலைத் தீயின் முன் நின்று உடம்பை உருக்கி, 20,500 ரூபாய் சம்பளம் வாங்கும் தோழர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுக்கிறார்கள். 21,500 ஆகிறது. மகிழ்ச்சி! சில மாதம் சென்றதும் ஆபீசிலிருந்து அழைப்பு. "இனி உமக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது, கம்பெனிக் காப்பீடுதான். அதிலே உம் பெயர் மட்டும் இருக்கும். சம்சாரத்தையும் சேர்க்கவேண்டுமானால் சம்பளத்திலே பிடித்தம் உண்டு" என்கிறார் கணக்கர். வீட்டிலே அம்மணி கேட்கிறாள்: "ஏனுங்க, சம்பளம் ஏறிப்போச்சுன்னு சொன்னீங்க, எனக்கு மட்டும் எப்படீங்க வைத்தியம் இல்லாமப் போச்சு?"

தோழர் வாயடைத்து நிற்கிறார். அவர் என்ன சொல்வார், பாவம்! விடை சொல்லவேண்டியவர்கள் டில்லியிலும், முதலாளிமார் மாளிகையிலும் அல்லவா இருக்கிறார்கள்!

ஈ.எஸ்.ஐ. யாரோ போட்ட பிச்சை அல்ல. 1944ஆம் ஆண்டு அதார்க்கர் என்ற அறிஞர் தந்த அறிக்கையிலே கருவாகி, 1948இலே சட்டமாகி, 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்த திட்டம். தமிழ்நாட்டிலே அது முதன்முதலாகக் கால்வைத்த ஊர் எது? தலைநகராம் சென்னையா? இல்லை! பஞ்சாலைச் சங்கு ஊதிய நம் கோவை! 1955 ஜனவரி 23ஆம் நாள் அந்தப் பெருமை நமக்குக் கிடைத்தது. இன்று சிங்காநல்லூரிலே மருத்துவமனையும், அதனோடு அரசு மருத்துவக் கல்லூரியும் எழுந்து நிற்கின்றன என்றால், அந்தச் செங்கல் ஒவ்வொன்றிலும் தொழிலாளியின் வியர்வை இருக்கிறது.

தொடக்கத்திலே மருத்துவம் தொழிலாளிக்கு மட்டும்தான். பிறகு குடும்பத்துக்கும் விரிந்தது. விரிந்தபோது, மனைவிக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு என்று தலைக்கு ஒரு விலை ஒட்டினார்களா? இல்லை. கூலிக்கு ஏற்ற பங்கு. குடும்பத்துக்கு ஏற்ற மருத்துவம். அதுதான் அந்தத் திட்டத்தின் உயிர்.

கணக்கைப் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு நூற்றுக்கு மூன்றேகால். 20,000 ரூபாய் வாங்குபவரிடம் பிடிப்பது 150 ரூபாய். முதலாளி கட்டுவது 650 ரூபாய். மணமாகாத வாலிபருக்கும் அதே 150தான். மனைவி, மூன்று பிள்ளைகள் உள்ளவருக்கும் அதே 150தான். திருப்பூர் பனியன் கம்பெனியிலே தைக்கும் சகோதரியின் பெயரிலே கார்டு இருந்தால், அவளுடைய கணவனும் குடும்பம்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அவளை அண்டி வாழும் மாமனார் மாமியாரையும் குடும்பம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. சட்டம் குடும்பத்தை விரிக்கிறது; கம்பெனிக் காப்பீடோ குடும்பத்தைச் சுருக்குகிறது! தொழிலாளிக்கு முதலாளி கட்டுவார். துணைவிக்குத் தொழிலாளியே கட்டவேண்டும் என்றால், இல்லறம் நடத்துவதற்கு அபராதம் என்றுதானே பொருள்?

கோடு போட்டவர் யார்? டில்லி. ஈ.எஸ்.ஐ.க்கு ஊதிய வரம்பு 2006இலே 10,000 ரூபாய். 2010இலே 15,000. 2017 ஜனவரி முதல் 21,000. அதன்பின் எட்டாண்டுக்கு மேல் உருண்டோடியும் கோடு அசையவில்லை! அரிசி விலை அசைந்தது, எண்ணெய் விலை அசைந்தது, வீட்டு வாடகை அசைந்தது, மருந்து விலை குதித்தது; இந்தக் கோடு மட்டும் கல்வெட்டு! கோட்டைத் தாண்டியவரை, ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற அரையாண்டுக் கணக்கு முடியும்வரை வைத்திருந்து, பிறகு வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

வெளியே வந்தவர் எங்கே போவார்? 2009ஆம் ஆண்டு கலைஞர் ஆட்சியிலே தொடங்கிய காப்பீட்டு வழியிலே வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். அது ஏழைக் குடும்பங்களுக்கு. அதற்கு வைத்த ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மாதம் 21,500 வாங்குபவரின் ஆண்டு வருமானம் 2,58,000. அங்கேயும் இடமில்லை. செல்வருக்குப் பணமிருக்கிறது, வறியவருக்குத் திட்டமிருக்கிறது, நடுவிலே நிற்கும் உழைப்பாளிக்கு? பிடித்தச் சீட்டு! போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் தனி நபர் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி விலக்குத் தந்தவர்கள், தொழிற்சாலை எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு அதைத் தரவில்லை.

"ஆள் கூடினால் செலவு கூடும், கூடுதல் செலவை யார் தலையிலே வைப்பது?" என்று கேட்கிறார்கள் கணக்குப் புலிகள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: காலைச் சிப்டுக்கு நாலு மணிக்கே எழுந்து தூக்குப்போசியிலே சோறு கட்டிக் கொடுக்கிறாளே, அந்த உழைப்புக்கு எந்த மில் கூலி கொடுத்தது? அவள் படுத்துவிட்டால் மறுநாள் தறியும் லேத்தும் முழு மூச்சாய் ஓடுமா? அவள் நலம் தொழிலின் நலம் இல்லையா?

கொங்கு நாட்டிலே மொய் எழுதுகிறோம். "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, நான் ஏன் எழுதவேண்டும்?" என்று கையை மடக்கும் வாலிபன் உண்டா? இன்று அவன் ஊருக்கு எழுதுகிறான். நாளை ஊர் அவனுக்கு எழுதும். காப்பீடும் அதேதான். நலமாயிருப்பவன் நோயுற்றவனுக்குத் தோள் கொடுப்பது. தலையை எண்ணித் தனி விலை வைத்தால் அது காப்பீடு ஆகாது, கடை வியாபாரம்!

இந்த வியாபாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். வேறு இடத்திலே காப்பீடு பெற வாய்ப்புள்ள துணைவரைத் தன் திட்டத்திலே சேர்த்தால் கூடுதல் கட்டணம் என்பது அங்கே பல கம்பெனிகளின் வழக்கம். 2013ஆம் ஆண்டு யு.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனம் ஒரு படி மேலே போயிற்று. வேலைபார்க்கும் இடத்திலே காப்பீடு பெறக்கூடிய துணைவர் ஏறத்தாழ 15,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. ஆனால், தோழர்களே, யாருடைய துணைவரை? சங்கத்திலே இல்லாத ஊழியர்களின் துணைவரை! சங்க ஒப்பந்தத்திலே இருந்த தொழிலாளரை அந்த அறிவிப்பு தொடவில்லை. இதிலே நமக்குப் பாடம் இல்லையா?

ஈ.எஸ்.ஐ.யிலே குறையே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. டிஸ்பென்சரி வரிசையிலே கால்கடுக்க நின்றவர்கள்தாம் நாமும். ஓட்டுக்கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றவேண்டும். குடியிருப்பவரைத் தெருவிலே தள்ளுவதா?

ஆகவே நாம் கேட்பது இரண்டு. டில்லி ஆட்சியாளர்களே, ஊதிய வரம்பை உயர்த்துங்கள். உயர்த்திவிட்டு மறுபடி உறங்காமல், விலைவாசி ஏறும்போதெல்லாம் வரம்பும் ஏறும்படி சட்டம் செய்யுங்கள். முதலாளிமார்களே, கம்பெனிக் காப்பீடு என்றால் தொழிலாளி, துணை, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே காப்பீடு. துணைக்கென்று தனிப் பிடித்தம் கூடாது.

தோழர்களுக்கும் ஒரு சொல். ஈ.எஸ்.ஐ. பதிவிலே மனைவி மக்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சம்பளச் சீட்டிலே எதற்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். அடுத்த ஊதிய ஒப்பந்தம் பேச உட்காரும்போது, கூட்டித் தரும் ரூபாயை மட்டும் எண்ணாதீர்கள். குடும்ப மருத்துவத்தையும் எழுத்திலே கேளுங்கள்.

உழைப்பவனுக்கு உயர்வு கொடு. உயர்வு கொடுத்த கையாலே அவன் வீட்டு மருந்தைப் பறிக்காதே! இதைப் பீளமேட்டிலும் கேட்போம்; சிங்காநல்லூரிலும் கேட்போம்; டில்லியின் செவியிலே விழும்வரை கேட்போம்!