மூன்று பல்புக்கு இழுத்த வயரில் முழுக் குடும்பம்

மலையகத்தில் ஒரு லயன் எரிந்தால் மறுநாள் பத்திரிகையில் வரும் செய்தி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இத்தனை காம்பராக்கள் முற்றாகச் சேதம், இத்தனை குடும்பங்கள் பாடசாலையில் அல்லது கோயில் மண்டபத்தில் தங்கவைப்பு, மின்னொழுக்கே காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகம். அத்தோடு செய்தி முடிந்துவிடும். உலருணவுப் பொதி வரும், பாய் வரும், அரசியல்வாதிகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த மின்னொழுக்கு ஏன் ஏற்பட்டது, அடுத்த லயனில் அது நாளைக்கு ஏற்படாமலிருக்க யார் என்ன செய்தார்கள் என்று கேட்க ஆள் இருப்பதில்லை. அந்தக் கேள்வியை இந்த இதழில் எமது சங்கம் கேட்கிறது.

துரை பங்களாவுக்கும் பெக்டரிக்கும் மின்சாரம் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகுதான் லயன்களுக்கு வந்தது. வந்தபோதும் என்ன கொடுத்தார்கள்? இஸ்தோப்பில் ஒரு பல்பு, உள்ளே ஒரு பல்பு, அடுப்படியில் ஒரு பல்பு, ரேடியோவுக்கு ஒரு பிளக். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஒரு மெயின் சுவிச், ஒரு பியூஸ். குப்பி லாம்பில் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விடியலாக இருந்தது. ஆனால் அன்று போட்ட அதே பலகையிலும் அதே வயரிலும்தான் இன்றும் பல ஆயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன.

இன்று ஒரு காம்பராவில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ரைஸ் குக்கர், கேத்தல், அயன், டிவி, இரண்டு மூன்று போன், சில வீடுகளில் பிரிட்ஜ். “லயத்தில் இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. விறகு பொறுக்க முன்போல இடமும் இல்லை, நேரமும் இல்லை. விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பெரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டிய பெண்ணுக்கு ரைஸ் குக்கர் ஆடம்பரம் அல்ல. பிந்திப் போனால் அரைப் பெயர்தான். அந்த அரைப் பெயரைக் காப்பாற்றுவது அந்தக் குக்கர்.

ஆகவே தேவை கூடியது குற்றமல்ல. தேவை கூடியபோது வயரும் பலகையும் மாறாததே குற்றம்.

கணக்கு எளிது. எங்கள் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஒவ்வொரு மின்சாதனத்தின் அடியிலும் அதன் வொட் அளவு எழுதியிருக்கும். அதை 230ஆல் பிரித்தால் அது எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று தெரியும். 9 வொட் பல்பு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் 1800 வொட் கேத்தல் கிட்டத்தட்ட 8 அம்பியர் இழுக்கும். 1000 வொட் அயன் 4 அம்பியருக்கு மேல். 700 வொட் ரைஸ் குக்கர் 3 அம்பியர். காலையில் மூன்றும் ஒன்றாக ஓடினால் 15 அம்பியர். வீட்டுக்கு 15 அம்பியர் இணைப்புத்தான் இருந்தால் அதன் எல்லை அங்கேயே முடிந்தது. 1500 வொட் ஹொட் பிளேட் ஒன்றையும் சேர்த்தால் 21 அம்பியரைத் தாண்டும்.

இவ்வளவும் எந்த வயர் வழியாகப் போகிறது என்பதே உயிர் போகிற கேள்வி. கடையில் 1/1.13 என்று கேட்டு வாங்கும் வயர் விளக்குக்கு உரியது. பிளக்குக்கு 7/0.67 வயர் வேண்டும். விளக்கு வயரிலிருந்து ஒரு பிளக்கை இழுத்து, அதில் மல்டி பிளக் குத்தி, கேத்தலையும் அயனையும் போட்டால், 6 அம்பியருக்கு விட வேண்டிய வயரில் 12 அம்பியர் ஓடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும். ஒரே நாளில் எரியாது. வயரின் மேல் உறை மெல்ல மெல்லக் காய்ந்து, வெடித்து, உதிரும். பிறகு ஒரு நாள் இரவு அது செய்தியாகிவிடும்.

இந்த இடத்தில் பியூஸ் என்ற காவல்காரனை நாங்களே கொன்றுவிடுகிறோம். அடிக்கடி பியூஸ் போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுவது, எம்.சி.பி. விழுகிறது என்று அதைக் கழற்றிப் பெரியதைப் போடுவது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறது. அப்படிச் செய்தால் விழ வேண்டியது விழாது. எரியக் கூடாதது எரியும். “போர்டை மாற்றிவிட்டேன்” என்று சொல்லும் பலர் செய்திருப்பது இதுதான். வயரை மாற்றாமல் பெட்டியை மட்டும் பெரிதாக்குவது பாதுகாப்பு அல்ல, ஆபத்து.

லயனில் இந்த ஆபத்து ஒரு வீட்டோடு நிற்பதில்லை. தனி வீடு எரிந்தால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். லயனில் பல இடங்களில் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. தகரத்தின் கீழே மரச் சட்டங்கள் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை ஒன்றாகவே ஓடுகின்றன. அடுப்புப் புகையின் கரி அவற்றில் படிந்திருக்கிறது. வயர்களும் அதே கூரைக்குள்தான் போகின்றன. எலி கடிக்கிறது, மழைக்குத் தகரம் ஒழுகுகிறது. ஐந்தாம் காம்பராக்காரர் கடன் வாங்கிப் புது வயரிங் செய்திருந்தாலும், ஆறாம் காம்பராவின் பழைய வயர் தீப்பிடித்தால் அவருடைய வீடும் போகும். ஆகவே இது வீட்டுக்கு வீடு தனித்தனியாகத் தீர்க்கிற பிரச்சினை அல்ல. முழு லயனுக்கும் சேர்த்தே செய்ய வேண்டும். சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும் என்பது சங்கத்தில் இருப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

தீயைவிடச் சத்தமில்லாமல் கொல்வது மின்தாக்கம். இங்கே எர்த் பற்றி ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் எர்த் என்பது வீட்டருகே மண்ணில் அடித்த ஒரு கம்பிதான். கல்லும் பாறையுமான மலைச் சரிவில், வெயில் காலத்தில், அந்த மண் மின்சாரத்தைச் சரியாக உள்வாங்காது. மண்ணின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேத்தலின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் எர்த் வழியாக 5 அம்பியர்கூடப் போகாது. 6 அம்பியர் எம்.சி.பி. அதற்கு விழவே விழாது. கேத்தலைத் தொடும் கை வழியாகத்தான் அது போகப் பார்க்கும். அதனால்தான் டிரிப் சுவிச் என்று நாம் சொல்கிற ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். வெளியே போன மின்சாரம் திரும்பி வரவில்லை என்றால், 30 மில்லி அம்பியர் ஒழுக்குக்கே அது கண்சிமிட்டும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். அதேவேளை, அளவுக்கு மேல் சாமான் போடுவதை டிரிப் சுவிச் தடுக்காது; அது எம்.சி.பி.யின் வேலை. இரண்டும் இருந்தால்தான் வீட்டுக்குக் காவல்.

அப்படியானால் சரியான வேலை எது? முதலில் ஒழுங்கான எர்த். அடுத்து 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிச். பிறகு விளக்குக்கு ஒரு வழி, பிளக்குக்கு வேறு வழி என்று வயரைப் பிரித்துக் குழாய்க்குள் இழுக்க வேண்டும். விளக்கு வழிக்கு 6 அம்பியர் எம்.சி.பி.; 7/0.67 வயரில் தனியாகப் போகும் பிளக் வழிக்கு 20 அம்பியர். அடுப்படியில் மல்டி பிளக் தேவைப்படாத அளவுக்கு 13 அம்பியர் பிளக் பேஸ். எல்லாவற்றையும் மூடிய பெட்டிக்குள், மழைத் தூவானம் படாத இடத்தில், சின்னப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இவை முடிந்த பிறகே மின்சார சபையிடம் 30 அம்பியர் இணைப்புக்கு விண்ணப்பிப்பது பொருத்தம். மீற்றருக்கு முன்னால் உள்ள பகுதி சபைக்குரியது. அதன் சீலில் எவரும் கைவைக்கக் கூடாது. வேலையைச் செய்பவர் என்.வி.கியூ. தகைமை பெற்ற மின்னியலாளராக இருக்க வேண்டும். டோர்ச் அடிக்கத் தெரிந்தவரெல்லாம் எலக்ட்ரீசியன் அல்ல.

இனி, யார் பணம் கொடுப்பது? காணி அரசுக்குரியது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. சில தோட்டங்கள் இன்னமும் அரச நிறுவனங்களிடம் இருக்கின்றன. இரண்டிலும் லயன் எங்களுக்குச் சொந்தமில்லை. சுவரை உடைக்கவும், கூரையை நீட்டவும் தோட்டத்து ஆபீஸில் அனுமதி கேட்க வேண்டிய வீடு இது. எங்கள் பெயரில் உறுதி இல்லாத வீட்டின் வயரிங் மட்டும் எங்கள் தலையில் எப்படி விழுந்தது? கூரையும் சுவரும் நிர்வாகத்தின் பொறுப்பு என்றால் அதற்குள் ஓடும் வயரும் அதன் பொறுப்பே. கம்பனிகள் நட்டக் கணக்குக் காட்டலாம். எரிந்த லயனைத் திரும்பக் கட்டுவதோடு ஒப்பிட்டால், நிற்கும் லயனுக்கு வயர் போடுவது சிறு செலவு.

அரசுக்கும் பங்கு உண்டு. தோட்டக் குடியிருப்புகளில் வேலை செய்ய எமக்கு அதிகாரமில்லை என்று பிரதேச சபைகள் பல வருடங்கள் சொல்லிவந்தன. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாட்டுக்கு இடமில்லை. எங்கள் வாக்கில் போன உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு தொகையைக் கேட்க வேண்டும். உண்மையான தீர்வு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடுதான்; அதில் எமது சங்கத்துக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் வீடு வரும்வரை லயனில் உயிரோடு இருக்க வேண்டுமே. புதிய வீடு கிடைப்பவர்களும் ஒன்றைச் செய்யுங்கள்: சாவியை வாங்கும் முன் டிரிப் சுவிச்சின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதுவரை வீட்டில் செய்யக் கூடியவை இருக்கின்றன, காசும் தேவையில்லை. கேத்தல், அயன், குக்கர் மூன்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். சூடேறும் சாமான்களை மல்டி பிளக்கில் குத்தாதீர்கள். சுவிச்சோ பிளக்கோ சுட்டாலும், கருகிய மணம் வந்தாலும், அந்த இடத்தைப் பாவிப்பதை அன்றே நிறுத்துங்கள். டிரிப் சுவிச் இருந்தால் மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதை இணைப்பிலிருந்து விலக்கிவிடாதீர்கள். அது தொந்தரவு செய்யவில்லை, எச்சரிக்கிறது. பக்கத்துக் காம்பராவுக்கோ, கோழிக்கூட்டுக்கோ, மரக்கறித் தோட்ட வேலிக்கோ வயர் இழுக்காதீர்கள். யாருக்காவது மின்சாரம் அடித்தால் கையால் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள், பிறகு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். தூணிலிருந்து வரும் கம்பி அறுந்தால் எவரையும் கிட்டப் போகவிடாமல் மின்சார சபைக்கு 1987இல் சொல்லுங்கள்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களிடமும் மாதர் தலைவிமாரிடமும் எமது சங்கம் ஒரு வேலையை ஒப்படைக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் லயன் லயனாகப் போங்கள். ஒவ்வொரு காம்பராவுக்கும் நான்கு கேள்விகள்: டிரிப் சுவிச் இருக்கிறதா, எர்த் இருக்கிறதா, வயரிங் எந்த வருடத்தில் செய்தது, ஒரு மீற்றரில் எத்தனை குடும்பம். கொப்பியில் எழுதி, லயன் இலக்கத்தோடு கொண்டுவாருங்கள். அதில் ஒரு பிரதி தோட்ட நிர்வாகத்துக்கும், ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் போகும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கப்படும். இனி ஒரு லயன் எரிந்தால், “எமக்குத் தெரியாது” என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.

கொழுந்தின் நிறையில் ஒரு கிலோ குறைந்தால் அன்றைக்கே கணக்குப் பார்க்கிற நிர்வாகங்கள், அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் இரவில் தூங்கும் கூரைக்குள் என்ன ஓடுகிறது என்றும் கணக்குப் பார்க்கட்டும். அந்தக் கணக்கை எடுத்துக்கொடுக்கும் வேலையை நாங்கள் தொடங்குவோம்.