இணைப்புத் திசு நோயும் வயிற்றுத் தொல்லையும்: தோட்டத்து உணவு குறித்து எமது நிலைப்பாடு

எல்ல, தெமோதரை, பண்டாரவளை வட்டாரத் தோட்டங்களில் இணைப்புத் திசு நோய்களோடு வாழ்கிறவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் சுகாதாரப் பணியாளர்களும் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. எங்களிடம் வருகிறவர்கள் அதிகம் கேட்பது ஒரே கேள்வி: "எதைச் சாப்பிடாமல் விட்டால் வயிறு சரியாகும்?" லயக் குடியிருப்புகளில் இதற்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. ஒருவர் ரொட்டியை விடச் சொல்கிறார், இன்னொருவர் பருப்பை, மற்றொருவர் பால்மாவை. எல்லாவற்றையும் விட்டவர் கடைசியில் சாயத்தண்ணியோடு நிற்கிறார். அதனால்தான் எமது நிலைப்பாட்டைப் பொதுவில் வைக்கிறோம்.

எமது நிலைப்பாடு

1. உணவு இந்நோய்களுக்கான சிகிச்சையின் ஒரு பகுதி. ஆனால் எந்த உணவும் நோயை வேரோடு நீக்காது. அப்படிச் சொல்லி விற்கப்படும் எதையும் நாங்கள் ஆதரிக்கவில்லை.

2. எவ்வளவு, எப்போது, எந்தப் பக்குவத்தில் சாப்பிடுவது என்பதை முதலில் மாற்ற வேண்டும். ஓர் உணவை நிறுத்துவது கடைசிப் படி. அதையும் வைத்தியர் அல்லது போசணையியலாளரின் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்கே செய்ய வேண்டும்.

3. வேளைக்குச் சாப்பிட நேரமும், குடிக்கத் தண்ணீரும், கொழுந்து பறிக்கும் மலையில் கழிப்பறையும் இல்லாதவருக்கு உணவு ஆலோசனை மட்டும் சொல்லி அனுப்புவது சிகிச்சை ஆகாது.

மூட்டு நோய் வயிற்றுக்கு வருவது ஏன்

மூட்டையும் தோலையும் தாங்கும் இணைப்புத் திசு, உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் குடற்சுவரிலும் இருக்கிறது. ஆகவே மூட்டு நோவு என்று வருகிறவர் நெஞ்செரிவையும் உப்பலையும் சேர்த்துச் சொன்னால், அவை ஒரே கதையின் பகுதிகளாக இருக்கக்கூடும்.

எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்னும் இணைப்புத் திசு நோய்கள் பிறவியிலேயே வருபவை. 2017-ல் வெளியான சர்வதேச வகைப்பாடு அவற்றை 13 வகையாகப் பிரித்தது. அவற்றுள் அதிகம் காணப்படுவது மூட்டுத் தளர்வு வகை. அதை உறுதிப்படுத்த மரபணுப் பரிசோதனை கிடையாது. மூட்டுகளை வளைத்துப் பார்த்தும், நோயாளியின் வரலாற்றையும் குடும்ப வரலாற்றையும் கேட்டும்தான் வைத்தியர் முடிவுக்கு வருகிறார். கட்டைவிரலை முன்கையில் படும்வரை வளைத்துக் காட்டிப் பாராட்டு வாங்கிய பிள்ளைக்கு, வளர்ந்து கூடை சுமக்கையில் தோள்மூட்டு நழுவலாம். இவர்களில் பலருக்கு நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடும். மலச்சிக்கல் விடாது. எழுந்து நின்றால் தலை சுற்றும்.

ஸ்கிளிரோடெர்மா வேறு விதம். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் திசுக்களையே தாக்க, தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய் அது. பெரும்பாலும் விரல்கள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். குளிர் பட்டதும் வெளிறி, நீலம் பாய்ந்து, பிறகு சிவக்கும். பனியில் நனைந்த கொழுந்தைக் காலையிலேயே தொடுகிற கை விறைப்பது இயல்புதானே என்று எங்கள் மலையில் அதை எளிதில் விட்டுவிடுகிறோம். உணவுக்குழாயின் தசை நலிந்த பிறகு ரொட்டி நெஞ்சில் நிற்கிறது, இரைப்பை அமிலம் மேலேறுகிறது. சிறுகுடலின் அசைவும் குறைந்தால் அங்கே கிருமிகள் பெருகி உப்பல், வயிற்றோட்டம், எடைக்குறைவு எல்லாம் வருகின்றன.

தோட்டத்து நாளும் நோயாளியின் வயிறும்

விடியற்காலையில் வெறும் வயிற்றில் தேத்தண்ணி. பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் பிறகு மலை. பகலில் காய்ந்த ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும். நாளின் பெரிய சாப்பாடு இரவில், படுக்கப் போகும் நேரத்தில். மெல்ல நகரும் குடலுக்கு இதைவிடக் கடினமான ஒழுங்கு இல்லை. அதற்காக இந்தச் சமையலறையைக் குறைசொல்ல மாட்டோம். மாற்றம் அந்த அடுப்பிலிருந்தே தொடங்க முடியும்.

அதே அளவு உணவை ஐந்து ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள். அமிலம் மேலேறுகிறவர்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கல் வைத்து அரையடி உயர்த்தலாம். தலையணைகளை அடுக்குவது அந்தப் பலனைத் தராது. ரொட்டி தொண்டையில் நிற்கிறதென்றால் குழைந்த சோறு, கஞ்சி, சொதியில் ஊறிய இடியாப்பம், மசித்த உருளைக்கிழங்கு நல்லவை. கெட்டி உணவைவிட நீர்த்த உணவு இரைப்பையை விரைவில் கடக்கும். எண்ணெய்ப் பண்டம் அங்கேயே தங்கும். மலச்சிக்கலுக்கு என்று நார்த்தூளை அள்ளிப்போடுவது குடல் அசைவு குறைந்தவருக்கு உப்பலையே கூட்டும். ஆகவே கேட்காமல் தொடங்க வேண்டாம்.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டோடு குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை. அவற்றை வைத்தியரிடம் கேட்காமல் விழுங்க வேண்டாம். தலைசுற்றலுக்கு உப்பும் தண்ணீரும் கூட்டுவது சிலருக்கு உதவும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு அதுவே ஆபத்து. இதையும் வைத்தியரே முடிவு செய்ய வேண்டும்.

கோதுமை மாவை நிறுத்தலாமா

எல்ல நகரத்துக் கடைகள் கோதுமைப் பசை இல்லாத உணவென்று பலகை வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பரிமாறுகின்றன. நாங்களும் ரொட்டியை விட வேண்டுமா என்று இளையோர் கேட்கிறார்கள். எமது பதில்: பரிசோதனைக்கு முன் விடாதீர்கள். கோதுமைப் பசையால் குடல் சிதையும் சீலியாக் நோயை இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். ஆனால் கோதுமையை ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் அந்தப் பரிசோதனை நோயைத் தவறவிடும்.

சீலியாக் இல்லாமலும் சிலருக்குக் கோதுமை, வெங்காயம், பூண்டு, பருப்பு, பால் ஆகியவற்றிலுள்ள சில சர்க்கரைகள் குடலில் புளித்து உப்பலைத் தரும். அவர்களுக்காக மெல்பேர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுக்கப்பட்டதே ஃபொட்மேப் குறைப்பு முறை. அந்தச் சர்க்கரைகள் உள்ள உணவுகளை 2 முதல் 6 வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, தன் வயிற்றுக்கு ஆகாததை மட்டும் அறிவதே அதன் நோக்கம். ஆயுள் முழுவதற்குமான பத்தியம் அன்று. வெலிமடைக் கரட்டும் உருளைக்கிழங்கும், வாழைக்காயும் சோறும் அந்த வாரங்களில் பெரும்பாலும் இதமானவை. லீக்ஸின் வெள்ளைத்தண்டு தொல்லை தரும், பச்சை இலை தராது. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் வாசம் எண்ணெயில் தங்கும். தொல்லை தரும் சர்க்கரையோ எண்ணெயில் கரையாது. பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்துச் சிறிதளவு சேர்க்கலாம்.

கண்காணிப்பை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 2016-ன் தேசிய மதிப்பீட்டில், வளர்ச்சி குன்றிய ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளவில் ஏறத்தாழ 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். ஏற்கெனவே குறைந்த தட்டிலிருந்து ரொட்டியையும் பருப்பையும் எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றும் வைக்காமல் போனால் நோயைவிட அது பெரிய கேடு. இணைப்புத் திசுவின் புரதமான கொலாஜன் என்று விற்கும் தூளுக்குப் பணம் செலவழிப்பதையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. தின்னும் கொலாஜனை வயிறு மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

எமது கோரிக்கைகள்

தோட்ட நிர்வாகங்களுக்கு: வைத்தியக் கடிதம் உள்ள தொழிலாளி காலையிலும் பிற்பகலிலும் பத்து நிமிடம் அமர்ந்து சாப்பிட அனுமதி தாருங்கள். அதற்காக அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடக் கூடாது. மலையில் குடிநீரும் கழிப்பறையும் வையுங்கள். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்ணுக்கு மலச்சிக்கல் மருந்து பலன் தராது. விரல் வெளிறுகிறவர்களுக்குக் கையுறையும், குளிர் காலைகளில் வேறு வேலையும் கொடுங்கள்.

சுகாதாரத் துறைக்கு: பதுளை போதனா வைத்தியசாலையின் கிளினிக்குகளிலும் தோட்ட மருந்தகங்களிலும் உணவு ஆலோசனை தமிழில், தோட்டத்து உணவின் பெயர்களோடு கிடைக்க வேண்டும். மூட்டு நோவும் வயிற்றுத் தொல்லையும் சேர்ந்து நீடிப்பவரை மேல் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும்: காரணமின்றி எடை குறைந்தாலும், மலம் கறுத்தாலும், இரத்தம் கண்டாலும், வாந்தி நிற்காவிட்டாலும், விழுங்குவது நாளுக்கு நாள் கடினமானாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இரத்த வாந்தியோ மயக்கமோ வந்தால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். மருமகள் சாப்பாட்டைப் பாதியில் வைத்தால் அது வீம்பு என்று எண்ணாதீர்கள். அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது. மீதியை இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

சுகாதாரப் பணியாளர்களிடம் ஒன்று கேட்கிறோம். இனி யாராவது "எதை விட வேண்டும்" என்று வந்தால், பதில் சொல்லுமுன் அவரிடம் மூன்றைக் கேளுங்கள்: இன்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? எவ்வளவு சாப்பிட்டீர்கள்? மலையில் குடிக்கத் தண்ணீர் இருந்ததா?