பட்டாசுக்கு எத்தனை எழுத்து?

தமிழ் முதுகலை மாணவருக்குக் கட்டளை வரி எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் தமிழ்ப் பேராசிரியர்களே. பாடத்திட்டக் கூட்டங்களில் இக்கேள்வி ஒரு மெல்லிய நகைப்போடு வந்து விழும். ‘கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஆணை தட்டுவதா இலக்கியக் கல்வி? அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்!’ நகைப்பு அடங்கியதும் கணினித்தமிழ்த் தாள் பழையபடியே நிறைவேறும். மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது என்று மாணவர் மனப்பாடம் செய்வார். தமிழ்99 விசைப்பலகையைப் படம் வரைந்து பாகம் குறிப்பார். ஒரு வரி நிரலையும் இயக்கிப் பாராமல் தேர்ச்சி பெற்றுவிடுவார். ஏட்டுச் சுரைக்காய் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

‘அதற்கென்று ஆட்கள்’ என்றார்களே, அந்த ஆட்கள் யார்?

பைதான் மொழியிடம் ‘பட்டாசு’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். ஏழு என்று விடை வரும். ப, ட, புள்ளி, ட, கால், ச, உகரக் குறி. எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் எந்தப் பள்ளிப் பிள்ளையும் நான்கு என்று சொல்லிவிடும். இயந்திரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. 1988-இல் இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட இஸ்கி குறியேற்றத்தின் முறையை ஒருங்குறி தழுவிக்கொண்டது. அதன்படி ‘க’ அடிப்படை எழுத்து; புள்ளி சேர்ந்தால்தான் அது ‘க்’ ஆகும். நம் இலக்கணத்திலோ மெய்தான் முதல். அதன்மேல் அகரம் ஏறினால் உயிர்மெய். கணக்கு தலைகீழாகக் கிடக்கிறது. தமிழ் இலக்கணம் அறியாத நிரலருக்கு ஏழு என்ற விடையில் எந்த உறுத்தலும் இராது. உறுத்த வேண்டியவர் கறுப்புத் திரையின் பக்கமே வருவதில்லை.

வந்தவர்கள் உண்டு. எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் என்ற திறந்தமூல நிரலகம் இருக்கிறது. செய்யுளை அலகிட்டுக் காட்டும் அவலோகிதம் இருக்கிறது. இரண்டையும் செய்தவர்கள் கணினி படித்து, ஆர்வத்தால் இலக்கணத்தைத் தேடி வந்தவர்கள். அவர்கள் ஆற்றைக் கடந்து இக்கரைக்கு வந்துவிட்டார்கள். நாம் கரையில் நின்று தண்ணீர் குளிர்கிறது என்கிறோம்.

முதுகலை மாணவர் செய்ய வேண்டிய முதல் வலைச் செயலி எது என்று என்னைக் கேட்டால், கட்டளைக் கலித்துறையின் எழுத்தை எண்ணும் செயலி என்பேன். விதி எல்லோரும் அறிந்ததுதான்: ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. வேலையும் பெரிதல்ல. கட்டளை வரியில் ஒரு கோப்புறையை உருவாக்கி, பைதானுக்கு அதில் தனிச்சூழல் அமைத்து, ஃப்ளாஸ்க் என்னும் கருவியை நிறுவ வேண்டும். (2010-இல் ஏப்ரல் முட்டாள்தின வேடிக்கை ஒன்றிலிருந்து பிறந்தது ஃப்ளாஸ்க், வேடிக்கைகளில் பயனுள்ளவையும் உண்டு.) உயிர்க்குறியும் புள்ளியும் வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, புள்ளியில் முடிவதைக் கழி, ஆய்தத்தையும் இடைவெளியையும் எண்ணாதே: இவ்வளவுதான் நிரலின் சாரம். பிறகு ஓர் ஆணையில் வழங்கியை இயக்கி, உலாவியில் 127.0.0.1:5000 என்ற முகவரிக்குப் போனால் ஒரு பெட்டி தெரியும். பட்டாசு என்று இட்டால் மூன்று என்று வரும். சில கணினிகளில் கறுப்புத் திரை தமிழைக் கட்டங்கட்டமாகக் காட்டும். அஞ்ச வேண்டியதில்லை, உலாவியில் எழுத்து ஒழுங்காகவே தெரியும். நிரலைத் திருத்திய பிறகும் பழைய விடையே வந்தால், வழங்கியை நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும்.

இனிமேல்தான் இலக்கியம் தொடங்குகிறது. அபிராமி அந்தாதியைச் சந்தி பிரித்து அச்சிட்ட மலிவுப் பதிப்பிலிருந்து உள்ளிட்டால் சில அடிகள் கூடுதலாக எண்ணும். பிழை யாருடையது? ‘நாடெங்கும்’ என்பதில் ஒற்று நீக்கி மூன்றெழுத்து. ‘நாடு எங்கும்’ என்று பிரித்தால் நான்கு. புணர்ச்சியில் கெட்ட குற்றியலுகரத்தைப் பதிப்பாசிரியர் மீட்டு வைத்துவிட்டார், அவ்வளவே. ‘பொருளில்லை’யைப் ‘பொருள் இல்லை’ என்று பிரித்தாலோ எண்ணிக்கை மாறுவதில்லை. பொறியாளர் இங்கே தன் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார். நன்னூல் படித்த மாணவி பதிப்பைச் சந்தேகிப்பாள். அவளுக்கு யாப்பும் புணர்ச்சியும் பதிப்பியலும் ஒரே பிற்பகலில் ஒன்றாகப் புரியும். இதைத் தரும் கருத்தரங்கக் கட்டுரை எதையும் நான் திருத்தியதில்லை.

‘செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் எழுதித் தந்துவிடுமே’ என்கிறார்கள் இப்போது. தரட்டும். அது எண்ணியது சரியா என்று பார்ப்பவர் யார்?

எங்கள் பகுதிக்கு இது வெறும் அறிவுப் பசியன்று. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகும் பெற்றோரின் பிள்ளைகள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள், எங்கள் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். தமிழ் முடித்த சிலர் சிவகாசியில் டிடிபி வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டச்சு செய்கிறார்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை இணையத்தில் இட்டால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்; அதனால் உள்ளதையே மறுபடி அடிக்கிறார்கள். அந்த எழுத்துருக்களில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். ஒருங்குறியில் க முதலில், ஒகரக் குறி பின்னால். மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்ற தொல்காப்பியரின் வரிசை அது. கொம்பைத் தூக்கிப் பின்னால் வைக்கும் நிரலை எழுதத் தெரிந்தவர், மறுபடி அடிக்கும் கூலிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரிசை மாற்றத்தை நாம் வகுப்பில் நூற்பாவாக நடத்திவிட்டு, வாசலோடு விட்டுவிடுகிறோம்.

1922-இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போனது தீப்பெட்டி வாங்கி வந்து விற்பதற்காக அல்ல. செய்முறையைக் கற்று வர. பின்னர் தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டு அச்சுத் தொழிலும் இங்கே வேர்பிடித்தது. ‘அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்’ என்று அவர்களும் இருந்திருக்கலாம்.

ஆணைகள் ஆங்கிலம் என்பது இன்னொரு தடை. தேவைப்படுவன பத்துப் பன்னிரண்டு சொற்கள். வடமொழி உவமையணிப் பெயர்களை ஒப்பிக்கும் மாணவருக்கு இது மலையன்று.

செலவும் இல்லை, மென்பொருள் அனைத்தும் இலவசம். வாரம் இரண்டு மணி நேரம் ஆய்வகம் வேண்டும், அவ்வளவே. அதன் சாவி கணினித் துறையில் இருக்கும். தமிழ்த்துறைத் தலைவர் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். நானறிந்த சில கல்லூரிகளில் அந்தக் கடிதம் இன்னும் எழுதப்படவில்லை.