காக்கை உட்கார, பனம்பழம் விழ...

ஓடிக்கொண்டிருக்கும் கார் நடுவழியில் நின்று, பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பினால் அதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. நின்றே போய்விட்டால் கயிறு கட்டி இழுத்துப்போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம். இது மெக்கானிக் வாசலை மிதித்ததும் நல்ல பிள்ளை ஆகிவிடும். அவர் பஜார் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி தங்கமா ஓடுதே சார்" என்பார். வீட்டில் வயிற்றுவலி என்று அழுத குழந்தை டாக்டரிடம் போனதும் சிரிப்பது போலத்தான்.

என்னிடம் இருந்தது 1986 மாடல் பிரீமியர் பத்மினி. எங்கள் ஊரில் கடைசிவரை அதற்கு ஃபியட் என்றுதான் பெயர். 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். பாளையங்கோட்டைக்குள் மாதக்கணக்கில் ஓடும், ஒரு முணுமுணுப்பு இருக்காது. மதுரைக்குக் கிளம்பினால் கயத்தாறு காற்றாலைகளுக்குப் பக்கத்தில் இரண்டு முறை இருமி, திணறி, நின்றுவிடும்.

முதல் முறை ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்தார். "வேப்பர் லாக்" என்றார் பார்த்த மாத்திரத்தில். அந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். கோடை வெயிலில் எஞ்சின் சூடும் சேர்ந்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளுகிற பம்ப்பால் ஆவியைத் தள்ள முடியாது. கைவைத்தியம் ஊரறிந்தது: பம்ப் மேல் ஈரத்துணி. போட்டோம். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது. அன்றிலிருந்து டிக்கியில் ஒரு பழைய துண்டும் தண்ணீர் கேனும் குடியேறின.

அடுத்த பயணத்தில் ஈரத்துணி போட்டும் மறுபடி நின்றது. கோவில்பட்டியில் ஒரு மெக்கானிக் இக்னிஷன் காயிலைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். காயில் சூடானால் உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும் என்றார். அதுவும் உண்மைதான், அப்படி நிற்கிற வண்டிகள் உண்டு. புதுக் காயில் போட்டேன். ஒரு மாதம் தொந்தரவு இல்லை. பிறகு கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். மூன்று வாரம் தொந்தரவு இல்லை. பிறகு பெட்ரோல் பம்ப், பாயிண்ட், கண்டன்சர். ஒவ்வொன்றுக்கும் பிறகு வண்டி சரியாகத்தான் ஓடியது, அடுத்த மதுரைப் பயணம் வரை.

கடைசியில் பாளையங்கோட்டையிலேயே ஒரு வயதான மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தேன். ஊருக்கே அவர் அண்ணாச்சி. பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

"படக்குன்னு நிக்குதா, திணறி நிக்குதா?"

"திணறித்தான் அண்ணாச்சி."

"அப்ப கரண்ட விட்டுருங்க. பெட்ரோல்தான். கிளம்பி எத்தன கிலோமீட்டர்ல?"

எனக்குத் தெரியவில்லை. "கயத்தாறு பக்கம்" என்றேன்.

"வண்டிய இங்க விட்டுட்டுப் போகாதீங்க சார். எங்கிட்ட அது பேசாது. நீங்கதான் சாட்சி. ஒரு நோட்டு போடுங்க. மணி, கிலோமீட்டர், வெயிலா குளிரா, டேங்க்ல எவ்வளவு பெட்ரோல், நின்னு எத்தன நிமிஷத்துல கிளம்புச்சு, எல்லாத்தையும் எழுதுங்க. அதுவர ஒரு சாமானும் வாங்காதீங்க."

அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று பயணம் போனேன். நோட்டைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மார்கழியில், விடியற்காலைக் குளிரில் நின்றிருக்கிறது. வேப்பர் லாக் அங்கேயே அடிபட்டுப் போயிற்று. முதல் முறை முப்பது கிலோமீட்டரில் நின்ற வண்டி, அதே பயணத்தில் மறுபடி நிற்க இன்னும் ஐம்பது கிலோமீட்டர் எடுத்துக்கொண்டு சாத்தூர் வரை வந்திருக்கிறது. சூடுதான் காரணம் என்றால் போகப்போக மோசமாக அல்லவா ஆகியிருக்க வேண்டும்? மதுரையில் இருந்து திரும்பும்போது கள்ளிக்குடி அருகே, மறுபடி ஏறக்குறைய முப்பதாவது கிலோமீட்டரில். கிளம்பும் இடம் எதுவானாலும் அதற்கு முன்னால் ஒரு வரி தவறாமல் இருந்தது: டேங்க் ஃபுல்.

அண்ணாச்சி நோட்டை இரண்டு முறை படித்தார். எழுந்துபோய்ப் பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது வண்டியோட வந்த மூடி இல்லையே?"

இல்லை. அதற்கு அரை வருடம் முன்னால் பெட்ரோல் போட்ட இடத்தில் மூடியை வண்டிக் கூரை மேலேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன். அது எங்கோ விழுந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கி மாட்டினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. எஞ்சினுக்கும் மூடிக்கும் என்ன சம்பந்தம்?

எண்ணெய் டின்னைத் திறக்கிறவர்கள் எதற்கு இரண்டு துளை போடுகிறார்கள்? ஒன்று எண்ணெய் வெளியே வர, இன்னொன்று காற்று உள்ளே போக. பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். பம்ப் உறிஞ்சுகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். என் பழைய மூடியில் அதற்கு ஒரு சிறு துளை இருந்தது, புது மூடியில் இல்லை. டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான். இரண்டு லிட்டர் எரிந்ததுமே உள்ளே வெற்றிடம் இறுகி, பம்ப் உறிஞ்ச முடியாமல் தவிக்கும். பாதி டேங்க் காலி என்றால் அதே இரண்டு லிட்டர் எரிந்தாலும் இழுப்பு லேசாகத்தான் இருக்கும். ஊருக்குள் நான் ஐந்து லிட்டருக்கு மேல் போட்டதில்லை. நெடுவழி என்றால்தான் டேங்கை நிரப்புவேன்.

"அடுத்த தடவ நின்னா பானெட்டத் தொடாதீங்க. மூடிய மட்டும் திறங்க. காதக் கிட்ட வச்சுக்கிடுங்க" என்றார். கயத்தாறில் நின்றதும் மூடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பத்து நிமிடம் வேண்டியிருக்கவில்லை. துளை உள்ள மூடி மாட்டிய பிறகும் அண்ணாச்சி விடவில்லை. பூட்டு மூடியை மறுபடி போட்டு, டேங்கை நிரப்பி, நிற்க வைத்துக் காட்டச் சொன்னார். சொன்ன இடத்தில் நின்றது. அதன் பிறகுதான் "சரி, இதுதான்" என்றார்.

அந்தப் பத்து நிமிடங்களில் காற்று எப்படியோ மெல்லக் கசிந்து உள்ளே போயிருக்கிறது. வண்டியைக் கிளப்பியது அதுதான். பேர் வாங்கியது ஈரத்துணி. காயிலும் கார்பரேட்டரும் வாங்கிக்கொடுத்த மூன்று நான்கு வாரங்களும் நான் ஊரைத் தாண்டாத வாரங்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை ஒரு பழமொழியாகத்தான் கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டு அதற்கு ரசீதோடு பணம் கட்டினேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. விட்டுவிட்டு வரும் கோளாறில் எந்த வைத்தியமும் கொஞ்ச நாள் பலிக்கும், அவ்வளவுதான்.

இன்று ஓடும் பழைய இஞ்செக்‌ஷன் வண்டிகளிலும் கதை மாறவில்லை. கிராங்க் சென்சார் சூட்டில் விட்டுப்போனால் வண்டி படக்கென்று நிற்கும், ஆறினால் கிளம்பும். ஸ்கேனரில் சில நேரம் ஒரு பிழைக் குறியீடும் விழாது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைந்தால் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின், பழைய ரப்பர் குழாய்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எத்தனால் அவற்றை இளக்கும், தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

எந்த வண்டியானாலும் முறை ஒன்றே. எப்படி நின்றது என்று பாருங்கள். எப்போதெல்லாம் நிற்கிறது என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சரியானது போலத் தெரிந்தால், மறுபடி கெட வைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பானெட்டைத் திறக்கும் முன் கேள்வி கேட்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கிடைக்கும்வரை, வண்டி நின்றதும் முதலில் மணியைப் பார்த்துக் குறித்துவையுங்கள்.