திருமங்கலத்தில் விலைபோனது எது?

உறுப்பினர் ஒருவர் மறைந்தமையால் நிகழும் இடைத்தேர்தல் பெரும்பாலும் ஆட்சியை மாற்றுவதில்லை; ஓரிருக்கையை நிரப்புவதே. அதனாலேயே, மக்கள் தம் உள்ளக்கருத்தை அஞ்சாது உரைத்தற்கு அஃது ஏற்ற வாய்ப்பாகும். அவ்வாய்ப்பு அங்காடிப் பொருளானமைக்குத் திருமங்கலமே சான்று.

மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்தில் 2006ஆம் ஆண்டு ம.தி.மு.க. சார்பில் வென்றவர் வீர. இளவரசன். அவர் மறைவால் நேர்ந்த இடைத்தேர்தல் 2009 சனவரி 9ஆம் நாள் நடந்தது. ஆளுங்கட்சியாகிய தி.மு.க.வின் இலதா அதியமான், அ.தி.மு.க.வின் முத்துராமலிங்கத்தை 39,266 ஒப்போலை மிகுதியால் வென்றார். வீடுதோறும் பணம் வழங்கப்பட்டதென்னும் குற்றச்சாட்டு எழுந்தது. 'திருமங்கல வாய்பாடு' என்னும் வழக்கும் அரசியலிற் புகுந்தது.

அக் கிழமையில் ஈழத்தில் நிகழ்ந்தது யாது? சனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி சிங்களப் படையிடம் வீழ்ந்தது. வன்னி மக்கள் உயிரைக் கையிற் பிடித்து ஓடிக்கொண்டிருந்தனர். முன்னரே, 2008 அக்தோபர் 14இல், இரு கிழமைக்குள் போர் நிறுத்தப்படாவிடின் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர் தம் பொறுப்பைத் துறப்பர் என அனைத்துக் கட்சிக் கூட்டம் முடிவெடுத்தது. போர் நிற்கவில்லை; எவரும் துறக்கவுமில்லை. அ.தி.மு.க.வோ அக் கூட்டத்திற்கே வரவில்லை. இவ் விரு கட்சிகளிடமும் கணக்குக் கேட்கத் தமிழர்க்கு வாய்த்த களம் திருமங்கலம். ஆங்கே ஈழம் பேசப்படவில்லை, பணமே பேசப்பட்டது.

கணக்குக் கேட்பது இம் மண்ணுக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, பார்ப்பனர் ஊரவைக்கே உரியதாயினும், கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவரென விலக்கிற்று.

பணம் பெற்ற ஏழையை இகழ்வது எளிது. அவனை ஏழையாகவே வைத்திருந்து, தேர்தல் நாளில் மட்டும் வள்ளலாய்த் தோன்றுவோனே முதற் குற்றவாளி. எனினும், பெற்றவன் தன் வினாவையும் உடன்விற்றான் என்பதை மறைத்தலாகாது. நோய் பரவிற்று. செயலலிதா மறைவால் சென்னை இராதாகிருட்டிண நகரில் 2017 ஏப்பிரல் 12ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்ட இடைத்தேர்தலை, பணப்பாய்ச்சல் கண்டு தேர்தல் ஆணையமே நீக்கிற்று.

ஒப்போலை ஒருவனுடைய தனியுடைமை அன்று, இனத்தின் நாக்கு. நாக்கை விற்ற இனத்தின் அழுகுரல் தில்லிக்குக் கேளாது. தமிழரே, அடுத்த இடைத்தேர்தலில் உறையை மறுமின், கணக்கைக் கேண்மின்!