வீட்டின் பெருமையும் உழைத்தவன் கணக்கும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், 1996ஆம் வருஷம் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா என்னும் காட்சிசாலை இருக்கிறது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடியும் நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வியாபாரியின் வீடும், அக்கிரகாரத்து வீடும், குயவர் வீடும் அங்கே உண்டு. அழியப்போன வீடுகளைக் காப்பாற்றியது நல்ல காரியமே. ஆனால் பார்க்கப் போகிறவர்கள் தூணைத் தடவிப் பார்த்து, "அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள்!" என்று அதிசயப்பட்டுத் திரும்பிவிட்டால் போதுமா என்பதே நமது கேள்வி.

செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. பர்மா, மலேயா, இலங்கை லேவாதேவியிலிருந்து பணம் வந்தது. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் நூற்றுக்குச் சுமார் 6 பங்கு. நெல் விலை விழுந்து, குடியானவன் கடன் கட்டமாட்டாமல் போகவே, 1938இல் அது சுமார் 25 பங்காயிற்று. நிலத்தைப் பறிக்கவே கடன் கொடுத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் நிலத்தை இழந்தவன் உழுதவன் அல்லவா? தூணைக் காட்டுகிறபோது அவனையும் சொன்னால்தான் சரித்திரம். இல்லையேல் வெறும் தச்சுவேலைப் புகழ்ச்சியே.

அமெரிக்காவில், லூயிசியானா மாகாணத்து மிசிசிப்பி ஆற்றோரச் சாலையில், 1865இல் அடிமைமுறை ஒழியுமுன் தோட்ட முதலாளிகள் கட்டிய மாளிகைகள் இருக்கின்றன. நெடுங்காலம் பிரயாணிகளுக்கு எஜமானர்களின் சாப்பாட்டு மேஜையையும் சரவிளக்கையுமே பெருமையாகக் காட்டினார்கள். 2014இல் காட்சிசாலையாகத் திறந்த விட்னி தோட்டத்திலோ, அடிமைகளின் பெயர்களைச் சுவரில் பொறித்து, அவர்கள் கதையையே முதன்மையாகச் சொல்லுகிறார்கள். அதனால் மாளிகை இடிந்து விழுந்துவிட்டதா? இல்லையே!

நம் நாட்டுக்கு இது இன்னும் அவசியம். முட்டுக்காட்டு அக்கிரகார வீட்டுக்குள் இன்று சீட்டு வாங்கிய எவரும் நுழையலாம். அத்தகைய வீடுகளில் ஜனங்கள் குடியிருந்த காலத்தில், வீடு கிடக்கட்டும், அந்தத் தெருவிலேயே கால்வைக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! திண்ணையின் அழகு சரித்திரமென்றால், அதில் உட்காரக் கூடாதென்ற தடையும் சரித்திரம்தானே?

ஆகவே, தோழர்களே! பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவசியம் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வாசற்படியிலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: கட்டியவன் யார்? பணம் எங்கிருந்து வந்தது? யாரை வெளியே நிறுத்தினார்கள்? பதில் சொல்லுகிற வீடே பாடம் சொல்லும் வீடு.