கேடயம் யாருக்கு?

பங்குக் கோயிலுக்குச் சின்னம் வரையணுமாம். கேடயம், நடுவில் சிலுவை, ஓரத்தில் லில்லிப்பூ. யார் கேடயம் இது? 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பிரபு தன் குலப்பெருமை காட்டப் பிடித்தது. குலம் காட்ட இங்கே சித்திரம் எதுக்கு? சுவர் போதாதா? புதுச்சேரி சம்பா கோயிலுக்குள்ளே பறையரைப் பிரித்து நின்ற சுவரையும், 1745-இல் அதன்மேல் எழுந்த தகராறையும் ஆனந்தரங்கப் பிள்ளையே நாட்குறிப்பில் எழுதிவச்சார். அதே மறைமாவட்டத்தில், எறையூரில், 2008-இல் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டார்கள்; கிடைத்தது அடி, உடைந்த வீடு. அரசாங்கமோ 1950 ஆணையைக் காட்டி, சிலுவை தொட்டவன் பட்டியல் சாதியில்லை என்கிறது. கோயிலில் பறையன், தாலுகா ஆபீசில் கிறிஸ்தவன்!

எக்கியார்குப்பத்துக் கரையோரம், மரக்காணம் உப்பளத்தில், உப்பு அரித்து வெடித்த காலை வரைவீர்களா கேடயத்தில்? வேண்டாம். கல்லறையின் நடுச்சுவரை முதலில் இடியுங்கள். சின்னம் அப்புறம் பார்க்கலாம்.